செயலாளர் பெயரில் ஒரு நினைவுக் கோப்பை: பழைய கார் கிளப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பழைய கார் கிளப்புக்கு 20 ஆண்டுக்கு மேல் ஒருவரே செயலாளராக இருந்தார். அவர் மறைந்தபின் அவர் பெயரில் ஒரு கோப்பை ஏற்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வேலை முடிய ஒன்றரை ஆண்டு ஆனது. அதன் பிறகு வேறு இரண்டு கிளப்புகள் இதே காரியத்துக்கு என்னைக் கூப்பிட்டன. இரண்டு இடத்திலும் ஒரே தடுமாற்றத்தைப் பார்த்தேன். கோப்பையை முதலில் வாங்கிவிட்டார்கள், அது யாருக்கு, எதற்கு என்பதை அப்புறம் யோசித்தார்கள்.

அதனால் இங்கே நான் அழுத்திச் சொல்வது வரிசையைத்தான். கோப்பை வாங்குவது ஆறாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள ஐந்தும் பேச்சும் எழுத்தும் மட்டுமே. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து செய்ய வேண்டியதாயிற்று.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிளப்பின் அமைப்பு விதிகளின் நகல், பழைய மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) புத்தகங்கள், கமிட்டியின் சம்மதம், இந்த வேலையை முடிவு வரை கொண்டுபோக இரண்டு பேர். ஒருவர் போதாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ வேலை ஜோஹானஸ்பர்க்குக்கு மாறினாலோ எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

மினிட்ஸ் புத்தகங்கள் எதற்கு என்பது மூன்றாம் படியில் தெரியும். செயலாளர் வீட்டில் அவை இருந்தால் உடனே போய்க் கேட்காதீர்கள். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது.

1. கருமாதி முடியும் வரை பேச்செடுக்க வேண்டாம்

இறுதிச் சடங்கு நடக்கும்போதே யாராவது ஒருவர் மைக்கில் "அவர் பெயரில் ஒரு டிராபி வைப்போம்" என்று சொல்லிவிடுவார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த நிமிடம் குடும்பம் எதற்கும் தலையாட்டும். பிறகு அது வாக்குறுதி ஆகிவிடும். என்ன கோப்பை, யார் செலவு என்று ஒன்றும் தெரியாமலே கிளப் மாட்டிக்கொள்ளும்.

இங்கே நம் வீடுகளில் 16ஆம் நாள் கருமாதிவரை வீட்டில் உறவினர் நிறைந்திருப்பார்கள். அது முடிந்து ஒரு மாதமாவது போகட்டும். முதல் ஆண்டுத் திதி முடியும்வரை விழாக்களுக்குப் போகாத குடும்பங்களும் உண்டு. ஆகவே முதல் முறை கோப்பை வழங்கும் நாளை ஓராண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓராண்டு வீணாகாது, கீழே உள்ள வேலைகளுக்கு அது சரியாக இருக்கும்.

2. குடும்பத்தில் ஒருவரோடு பேசுங்கள், எல்லைகளையும் சொல்லுங்கள்

குடும்பத்தில் ஒருவரை மட்டும் தொடர்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவருடைய மூத்த மகள். மகன் ஒன்று சொல்லி, தம்பி வேறு சொல்லி, நடுவில் நாம் நிற்கும் நிலை வரக் கூடாது. யார் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அவருடைய மனைவியை நேரில் போய்ப் பார்ப்பது தனி. "அக்கா, அண்ணன் பெயரில் ஒன்று செய்ய ஆசைப்படுகிறோம், உங்களுக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டேன். அன்று வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் அலமாரியைத் திறந்து ஒரு பித்தளைக் கைமணியை எடுத்து மேசைமேல் வைத்தார். ரன் (கிளப் வண்டிகள் ஒன்றாகப் போகும் பயணம்) போகும்போது தேநீருக்கு நிறுத்தினால், எல்லோரையும் திரும்ப வண்டிக்குக் கூப்பிட அண்ணன் அடிக்கும் மணி. அதைப் பற்றி ஆறாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாவது சந்திப்பில் எது குடும்பத்தின் முடிவு, எது கிளப்பின் முடிவு என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். பெயரை எப்படி எழுதுவது, எந்தப் படம், அவருடைய பொருள் எதையாவது பயன்படுத்தலாமா, இவை குடும்பத்தின் முடிவு. யாருக்குக் கொடுப்பது, யார் நடுவர், இவை கிளப்பின் முடிவு. இதைத் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், மூன்றாம் ஆண்டில் "எங்கள் அப்பா இவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்" என்ற பேச்சு வரும். அப்போது எல்லை போட முயன்றால் மனம் நோகும்.

குடும்பம் தாங்களே கோப்பை வாங்கித் தருவதாகச் சொன்னால் ஏற்கலாம். ஆனால் அது கிளப்புக்குக் கொடையா, இரவலா என்று அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்காமல் விட்டால், கிளப் பிளவுபடும் நாளில் அந்தக் கோப்பை யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

3. அவர் செய்ததை எழுதிப் பாருங்கள், பிறகு ஒரே வாக்கியம்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கின்றன.

கிளப்புகள் யோசிக்காமல் செய்வது இது: "அழகான கார்" பரிசுக்குச் செயலாளர் பெயரை வைத்துவிடுவார்கள். அழகான காருக்கு ஏற்கெனவே பரிசு இருக்கிறது. செயலாளர் 20 ஆண்டு காருக்கு மெருகு போடவில்லை. அவருடைய மாரிஸ் மைனரின் இடது மட்கார்டில் ஒரு நசுங்கல் கடைசிவரை இருந்தது. அவர் மற்றவர்களுடைய வண்டி ஓட வழி செய்தார். அவர் பெயரில் உள்ள பரிசை மின்னும் வண்டிக்குக் கொடுத்தால் அவர் வாழ்ந்த விதம் அதில் இல்லாமல் போகும்.

பழைய மினிட்ஸ் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். நாங்கள் நால்வர் உட்கார்ந்தோம். அவர் செய்தவற்றை ஒரு தாளில் எழுதினோம். சந்தா கட்ட மறந்தவரைத் தனியாக அழைத்து, யாருக்கும் தெரியாமல் நினைவூட்டியது. வாகன லைசன்ஸ் டிஸ்க் (கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு) காலாவதி ஆகும் மாதத்தை ஒவ்வோர் உறுப்பினருக்கும் குறித்து வைத்திருந்தது. வாகனத்தின் ஆண்டை உறுதிசெய்யும் படிவங்களைப் புதியவர்களோடு உட்கார்ந்து நிரப்பியது. பழைய மெயின் ரோட்டில் போத்தாஸ் ஹில் ஏறும்போது கொதித்து நிற்கும் வண்டிக்காக, பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) 25 லிட்டர் தண்ணீரோடு கூட்டத்தின் கடைசியில் வந்தது. ஒரு விதவை தன் கணவரின் வேலியண்ட் காரை விற்கும்போது குறைந்த விலைக்கு ஏமாறாமல் கூடவே நின்றது.

எழுதியதும் தெரிந்தது, இதில் ஒன்றுகூட அவருடைய காரைப் பற்றியது இல்லை. அங்கிருந்து எங்கள் வாக்கியம் வந்தது: "இந்த ஆண்டில் இன்னொருவரின் பழைய வண்டி சாலையில் ஓட அதிகம் உழைத்த உறுப்பினருக்கு."

உங்கள் வாக்கியத்தைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அதைச் செயலாளரை அறியாத புது உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து, "இந்த ஆண்டு இதற்கு யார் பொருத்தம்?" என்று கேளுங்கள். அவரால் ஒரு பெயரையும் ஒரு காரணத்தையும் சொல்ல முடிந்தால் வாக்கியம் சரி. "எல்லோருமே நல்லவர்கள்தானே" என்று இழுத்தால் வாக்கியம் தெளிவாக இல்லை, திருத்துங்கள். "சிறந்த கிளப் உணர்வு", "அர்ப்பணிப்பு" போன்ற சொற்கள் இந்தச் சோதனையில் ஒரு முறைகூடத் தேறவில்லை.

4. விதித்தாள்: ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

வாக்கியம் கிடைத்ததும் விதிகளை எழுதுங்கள். பொருள் கையில் வருவதற்கு முன் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பளபளப்பான கோப்பை மேசையில் இருக்கும்போது ஒவ்வொருவருக்கும் மனதில் ஒரு பெயர் வந்துவிடும். விதிகள் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளையும். கோப்பை இல்லாதபோது எழுதிய விதி நேராக இருக்கும்.

எங்கள் தாளில் இருப்பவை: கோப்பையின் பெயர், அந்த ஒற்றை வாக்கியம், கோப்பை கிளப்பின் சொத்து என்ற வரி, யார் பரிந்துரைக்கலாம், யார் நடுவர், வென்றவர் எப்போது திருப்பித் தர வேண்டும், சேதமானால் யார் பொறுப்பு, கிளப் கலைந்தால் கோப்பை எங்கே போகும்.

மூன்று விதிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, பொருத்தமானவர் இல்லாத ஆண்டில் கொடுக்காமல் இருக்கலாம் என்பது. இது இல்லாவிட்டால் கடமைக்குக் கொடுப்பார்கள். இரண்டு முறை அப்படிக் கொடுத்தால் பிறகு யாரும் மதிக்க மாட்டார்கள். இரண்டு, பதவியில் இருக்கும் கமிட்டி உறுப்பினர் பதவி முடியும்வரை பெற முடியாது என்பது. அவர்கள் உழைக்கவில்லை என்பதற்காக இல்லை. தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொண்டார்கள் என்ற சொல் செயலாளர் பெயரோடு சேரக் கூடாது என்பதற்காக. மூன்று, ஒருமுறை வென்றவர் அடுத்த மூன்று ஆண்டுக்குப் பெற முடியாது என்பது.

கிளப் கலைந்தால் குடும்பத்துக்குத் திரும்பும் என்று எழுதுவது எளிது. ஜோஹானஸ்பர்க்கில் உள்ள ஜேம்ஸ் ஹால் போக்குவரத்து அருங்காட்சியகம் போன்ற இடத்துக்குத் தரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியானால் அவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அருங்காட்சியகங்கள் கொண்டுவரும் எல்லாவற்றையும் ஏற்பதில்லை.

தாளைப் பொதுக்கூட்டத்தில் படித்து, தீர்மானமாக நிறைவேற்றி, மினிட்ஸில் ஏற்றுங்கள். கமிட்டி மட்டும் ஒப்புக்கொண்டால் அடுத்த கமிட்டி அதை மாற்றலாம். பொதுக்கூட்டத் தீர்மானத்தை மாற்ற இன்னொரு பொதுக்கூட்டம் தேவைப்படும்.

5. பணம்

கேட்கும் முன் மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். கோப்பை, பீடம், எழுத்து, பெட்டி, வென்றவர் வைத்துக்கொள்ளும் சிறு நினைவுப் பொருள், பத்து ஆண்டுக்கான பெயர்த்தகடுகள். கடைசி இரண்டையும் மறந்துவிடுவார்கள். முதல் ஆண்டு உற்சாகத்தில் பணம் வரும், ஐந்தாம் ஆண்டில் ஒரு தகட்டுக்குக்கூடக் கேட்க வேண்டியிருக்கும். முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

பணம் கிளப் கணக்கில்தான் வர வேண்டும், தனிப்பட்ட கணக்கில் வாங்காதீர்கள். எவ்வளவு உரிமையுள்ளவரானாலும் சரி. நன்கொடையாளர் பட்டியலில் தொகையைப் போடாமல் பெயரை மட்டும் போடுங்கள். ஐம்பது ராண்ட் கொடுத்த ஓய்வூதியக்காரரும் ஆயிரம் கொடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

வரிச்சலுகை உண்டு என்று வாக்களிக்க வேண்டாம். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு ரசீதை அதற்கென அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே தர முடியும். ரேஃபிள் (பரிசுக் குலுக்கல்) டிக்கெட் விற்கும் யோசனையும் கட்டாயம் வரும். 1997ஆம் ஆண்டு லாட்டரிகள் சட்டம் அதற்கும் பொருந்துகிறது. பொதுமக்களுக்கு விற்பதென்றால் முதலில் அந்த விதிகளைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் ரேஃபிளையே தவிர்த்தோம். ஒரு ஞாயிறு பிரியாணிப் பொட்டலம் விற்றுச் சேர்த்தோம்.

6. இப்போது பொருள்

நான்கு வழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

புது வெள்ளி முலாம் கோப்பை. கடையில் வெள்ளி என்று சொல்வதில் பெரும்பாலானவை நிக்கல் சில்வர் மேல் பூசிய முலாம். நிக்கல் சில்வர் என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, அதில் வெள்ளி கிடையாது. முலாம் மெல்லியது. உலோகப் பாலிஷ் போட்டு ஆண்டுதோறும் தேய்த்தால் சில ஆண்டில் அடியில் இருக்கும் மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.

பழைய பொருள் கடைக் கோப்பை. மலிவாகவும் அழகாகவும் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே யாரோ ஒருவர் பெயர் பொறித்திருக்கும். அதைத் தேய்த்து எடுத்தால் அந்த இடத்தில் முலாம் போய்விடும். வாங்காதீர்கள்.

அவருடைய வண்டியின் ஒரு பாகம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பிஸ்டன். ஓவர்ஹாலில் கழற்றி வைத்த பழைய பிஸ்டன் இருந்தால் நல்லது. ஓடும் காரிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், குடும்பம் நாளை அந்தக் காரை விற்க வேண்டி வரலாம். அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1098 சிசி மாரிஸ் மைனர் பிஸ்டன் 64.6 மில்லிமீட்டர்தான், ஒரு தேநீர்த் தம்ளர் அகலம். பெரிய பீடத்தில் வைத்தால் காணாமல் போகும். சுத்தம் செய்யும்போது காஸ்டிக் சோடாவில் போடாதீர்கள். இரும்புக்கு அது சரி, பிஸ்டன் அலுமினியம், கரைந்துவிடும். ஒருவர் இரவு முழுக்க ஊறப் போட்டுக் காலையில் அழுததைப் பார்த்தேன், அது அவருடைய தந்தையின் வண்டிப் பிஸ்டன்.

நான்காவது, அவர் கையில் இருந்த ஒரு பொருள். அக்கா எடுத்து வைத்த மணி எங்களுக்கு அப்படிக் கிடைத்தது. கோப்பைதான் வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. திடமான பித்தளை என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு, முலாம் இல்லை, எத்தனை ஆண்டு துலக்கினாலும் பித்தளையாகவே இருக்கும்.

மணியில் துளை போடவோ எழுத்துப் பொறிக்கவோ விடாதீர்கள். துளை போட்டால் ஒலி மாறிவிடலாம், எழுத்துப் பிழையானால் திருத்த வழியில்லை. ஒரு சிறு மரச் சட்டத்தில் கழற்றி எடுக்கும்படி தொங்கவிட்டோம். எழுத்தெல்லாம் பீடத்தின் தகடுகளில்தான்.

பீடத்துக்கு கியாட் மரம் வாங்கினோம். நம் ஊர் வேங்கை இனம், டர்பன் ஈரத்துக்கு அதிகம் முறுக்கிக்கொள்ளாது. அளவைக் கணக்கிட்டு வாங்குங்கள். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பீடத்தின் சுற்றளவு சுமார் 628 மில்லிமீட்டர். தகடு 30, இடைவெளி 8 என்றால் ஒரு வரிசையில் 16 தகடு. முன்பக்கப் பெரிய தகடு மூன்று இடத்தை எடுத்துக்கொண்டால் மீதி 13. இரண்டு வரிசைக்கு 26 ஆண்டு. கடையில் காட்டிய சிறு பீடத்தை அப்படியே வாங்கிய ஒரு கிளப்புக்கு ஒன்பதாம் ஆண்டில் இடம் தீர்ந்துவிட்டது.

தகடுகளைப் பசை நாடாவில் ஒட்ட வேண்டாம். இந்தக் கடற்கரை ஈரத்தில் இரண்டு கோடை தாண்டாது. சிறு பித்தளை ஆணி, அதுவும் மரத்தில் முதலில் நுண்துளை போட்டு அடித்தால்தான் மரம் பிளக்காது.

7. எழுத்து: மூன்று பேர் படிக்கும்வரை பொறிக்க வேண்டாம்

எங்கள் தகடு ஆங்கிலத்திலும் தமிழிலும். ஆங்கிலத்தில் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். தமிழில்தான் கேள்வி வரும். இந்த நாட்டுப் பதிவேட்டில் கோவெண்டர் என்று இருப்பது கவுண்டர்தான். மூட்லி என்பது முதலி. தமிழில் எழுதும்போது எதைப் போடுவது? அவரை அழைத்த ஒலியா, மூதாதையர் எழுதிய வடிவமா? இரண்டும் தவறில்லை, ஆனால் அது குடும்பத்தின் முடிவு. நீங்களாகத் திருத்திவிடாதீர்கள்.

இங்கே பொறிக்கிற கடைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அரிது. நாம் அனுப்பும் எழுத்து அவர்களுடைய கணினியில் உடையும். எங்கள் முதல் தகட்டில் "கோப்பை" என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழுந்தது. ஐகாரக் கொம்பும் அப்படியே. நாங்கள் மாதிரி பார்க்காமலே முழுப் பணத்தையும் கட்டியிருந்தோம். அந்தத் தகட்டை வாங்கி வந்து புதிது செய்ய வேண்டியதாயிற்று.

அதிலிருந்து இந்த வரிசையைப் பின்பற்றுகிறேன். எழுத்தைத் தட்டச்சாக அனுப்பாமல், கோட்டோவியமாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அப்போது எழுத்துரு இல்லாத கணினியிலும் வடிவம் மாறாது. உண்மை அளவில் தாளில் அச்சிட்டு வாங்குங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள், ஒருவராவது தமிழ்ப் பள்ளி ஆசிரியராக இருந்தால் நல்லது. ஒன்றாக உட்கார்ந்து படித்தால் முதலில் படித்தவர் சொன்னதையே மற்றவர் கண்ணும் பார்க்கும். கையெழுத்து வாங்கிய தாளையே கடைக்குக் கொடுங்கள்.

தமிழ் எழுத்து 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ணை, ழு, ளி போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். இடம் இல்லையென்றால் சொற்களைக் குறையுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செயலாளர், அந்த ஒற்றை வாக்கியம், இவ்வளவு போதும். புகழ்மொழி வேண்டாம்.

8. பரிந்துரையும் நடுவரும்

படிவத்தில் மூன்றே கேள்வி: யாரைப் பரிந்துரைக்கிறீர்கள்? அவர் யாருடைய வண்டிக்கு என்ன செய்தார்? அது எங்கே, எந்த மாதம்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். "தங்கமான மனிதர்" என்று எழுதிய படிவத்தைத் திருப்பி அனுப்புகிறோம். "மார்ச்சில் ஃபீல்ட்ஸ் ஹில் அடியில் என் டட்சன் பிரேக் போனபோது பைன்டவுனிலிருந்து வந்து மூன்று மணி நேரம் படுத்தபடி சரிசெய்தார்" என்று எழுதினால் நடுவரால் நம்பவும் விசாரிக்கவும் முடியும்.

நடுவர் மூவர். முன்னாள் வெற்றியாளர் ஒருவர், கமிட்டியில் இல்லாத உறுப்பினர் ஒருவர், கிளப்புக்கு வெளியே ஒருவர். எங்களுக்கு வெளியாள் ஒரு பானல் பீட்டர் (வண்டியின் நசுங்கிய தகட்டைச் சரிசெய்யும் தொழிலாளி), எல்லோருடைய வண்டியும் தெரிந்தவர், யாருக்கும் கட்டுப்படாதவர். குடும்பத்தில் யாரையும் நடுவராக்க வேண்டாம். தோற்றவர் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

கார் போட்டிபோல் மதிப்பெண் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பெயிண்டுக்கு மதிப்பெண் போடலாம், இரவு பதினொரு மணிக்கு வந்து இழுத்துப்போனதற்கு எத்தனை? மூவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

படிவங்களில் மற்றவர்களின் சொந்த விவரங்கள் இருக்கும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் பாப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. முடிவு வந்ததும் படிவங்களை அழித்துவிடுங்கள். வென்றவரின் படத்தையும் கதையையும் செய்திமடலில் போடும் முன் அவரிடமும், உதவி பெற்றவரிடமும் கேளுங்கள். தன் வண்டி நின்றுபோனதை ஊருக்குச் சொல்ல எல்லோருக்கும் பிடிக்காது.

9. நாளைத் தேர்ந்தெடுப்பது

செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், விடுமுறை, பழைய கார்களுக்குப் பொருத்தமான பெயர். அதனால் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அது புரட்டாசி. பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது. பிராய் (கறி சுடும் விருந்து) போட்டுக் கோப்பை கொடுத்தால் செயலாளர் குடும்பம் ஒரு வாய் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஆடி, வார இறுதியெல்லாம் கூழ் ஊற்றும் பூசை. கோடையில் மழை. ஆக எங்களுக்கு மிஞ்சியது ஜூன். குளிர்காலம், வானம் தெளிவு, 16ஆம் தேதி இளைஞர் தின விடுமுறையை ஒட்டி ஒரு ஞாயிறு வைக்கிறோம். மறைந்த நாளில் வைக்கலாமே என்றால், திதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அன்று குடும்பத்துக்கு வீட்டில் வேலை இருக்கும்.

10. வழங்கும் நேரம்

மாலை போட்ட படம் ஒன்றை ஓரமாக வையுங்கள். மேடை நடுவில் வைத்தால் மீண்டும் இறுதிச் சடங்கு ஆகிவிடும். பேசுவது ஒருவர் மட்டும், மூன்று நிமிடம். பேசுபவர் செயலாளரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லிவிட்டு, வென்றவர் செய்ததைப் படிவத்தில் உள்ளபடி வாசிக்கட்டும்.

யார் கையால் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். கணவரை இழந்தவர் மேடைக்கு வரமாட்டார் என்று மற்றவர்களே முடிவு செய்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது பெரிய தவறு. அவரிடமே கேளுங்கள். அக்கா தானே வந்து மணியை எடுத்துக் கொடுத்தார். வரவில்லை என்று சொல்லியிருந்தால் அதையும் அப்படியே ஏற்றிருப்போம். குடும்பத்தில் யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

வென்றவர் மணியை ஒருமுறை அடிப்பார். அடுத்த ரன் கிளம்பும்போதும் அவர்தான் அடிப்பார்.

11. கோப்பை ஒரு வீட்டுக்குப் போன பிறகு

கொடுக்கும் அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒரு ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். திருப்பித் தரும் தேதி அடுத்த விழாவுக்கு ஆறு வாரம் முன்பு. தகடு பொறிக்கவும் சிறு பழுது பார்க்கவும் அந்த நேரம் வேண்டும்.

வீட்டுக் காப்பீட்டில் ஆல் ரிஸ்க்ஸ் (வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் பொருளுக்கான) பகுதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அல்லது கிளப்பே காப்பீடு எடுக்கட்டும். காப்பீடு பணத்தைத்தான் தரும், அந்த மணியைத் தராது. ஆகவே காரின் சீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குள் போகக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதியிருக்கிறோம்.

வெள்ளி முலாம் கோப்பை என்றால் காரேஜில் டயருக்கும் ரப்பர் பாய்க்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கார்க்காரர்கள் எதையும் ரப்பரில் சுற்றி வைப்பார்கள், அதனால் சொல்கிறேன். பித்தளைக்கு வீட்டில் விளக்குத் துலக்கும் புளியே போதும். ஆனால் மணியைக் கழற்றித் துலக்கி, நன்றாக அலசி, உடனே துடைத்து மாட்டுங்கள். புளித்தண்ணீர் மரத்தில் கறை விடும், தகட்டில் எழுத்துக்குள் நிரப்பிய கறுப்பையும் கெடுக்கும்.

12. மூன்றாம் ஆண்டுக்கான ஏற்பாடு

இத்தகைய கோப்பைகள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் நின்றுபோகின்றன. தொடங்கியவர் களைத்துப்போவார், பரிந்துரைப் படிவம் போகாது, கோப்பை யாரோ ஒருவர் வீட்டில் தங்கிவிடும். அதனால் முதல் ஆண்டே இதைப் பதவியின் வேலையாக்குங்கள், ஆளின் வேலையாக விடாதீர்கள். பிப்ரவரிக் கமிட்டி நிகழ்ச்சிநிரலில் "நினைவு மணி: படிவம் அனுப்புதல்", ஏப்ரலில் "திரும்பப் பெறுதல்", மேயில் "நடுவர் கூட்டம்" என்று நிரந்தர வரிகளாகப் போடுங்கள். யார் செயலாளராக இருந்தாலும் அந்த வரி முன்னால் வந்து நிற்கும்.

கோப்பையோடு ஒரு நோட்டுப் புத்தகமும் போகட்டும். வென்றவர் தன் ஆண்டில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், யாருடைய எந்த வண்டிக்கு என்ன செய்தார் என்று. எங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் செயலாளரின் கையெழுத்தில் உள்ள ஒரு மினிட்ஸ் பக்கத்தின் நகலை ஒட்டியிருக்கிறோம். சாதாரணப் பக்கம்தான். வந்தவர் பெயர்கள், வராதவர் பெயர்கள், வராதவர் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் "போய்ப் பார்க்கணும்" என்று அவர் எழுதி வைத்திருந்தது.